பெர்க்மான்ஸ் அடைகாத்த அலமாரி

முதலில் சத்தம்தான் வந்தது. கரக், கரக் என்று காய்ந்த மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் துப்புகிற சத்தம். விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல், தான் செய்வது இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவர் செய்கிற சத்தம். துறைமுகத்திலும் உப்பு கிட்டங்கியிலும் ராவேலை முடித்துவந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பகலில் தூங்குகிற எங்கள் சிலபேர் காதில்தான் அது முதலில் விழுந்தது, ஏனென்றால் ஒரு தெருவின் பகல் சத்தங்களை அந்தத் தெருவில் பகலில் தூங்கப் பார்க்கிறவனைவிட நன்றாக அறிந்தவன் கிடையாது. தண்ணீர் லாரி எது, ஐஸ் உடைக்கிற கட்டை எது, யார் வீட்டுக் குக்கர் எத்தனையாவது விசிலுக்குப் பிறகு சண்டையாக மாறும் என்பதெல்லாம் கண்ணைத் திறக்காமலே எங்களுக்குத் தெரியும், இது எதிலும் சேரவில்லை.

கருவாடு விற்கிற இசக்கித்தாய் அதைப் பெருச்சாளி என்று முடிவுகட்டி, நெத்திலிக் கருவாட்டை வைத்து மூன்று இடத்தில் பொறி வைத்தாள். மூன்றிலும் பூனைதான் மாட்டியது. செல்லு அரிக்கிறது என்றார் ஒருத்தர். செல்லு இவ்வளவு சத்தம் போட்டால் தூத்துக்குடியில் ஒரு கதவும் மிஞ்சாது என்றார் இன்னொருத்தர். மூன்று மாடி வீட்டின் உச்சியில் பறவை வளர்த்துக் குஞ்சு விற்கிற ஜெபக்கனி அக்கா மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தலையை ஒருபக்கமாகச் சரித்து, தன் பறவைகளைப்போலவே ஒற்றைக் காதால் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பெட்டை கூடு திருத்துத சத்தம்லா இது. ஆனா எம் பெட்டைய எல்லாம் சும்மால்லா இருக்கு."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். அது பெர்க்மான்ஸ் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனது. கதவு திறந்துதான் கிடந்தது, அவர் வீட்டுக் கதவு என்றைக்குச் சாத்தியிருந்தது. உள்ளே, சுவரோரம் நின்ற மர அலமாரியின் ஒரு பக்கக் கதவு ஒருச்சாய்த்திருக்க, கீழ்த் தட்டில், மடித்துவைத்த வேட்டிகளின்மேல், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, அலமாரியின் நடுச்சட்டத்தைப் பல்லால் சுரண்டிச் சுரண்டி, சிலாம்புகளைத் தனக்கு அடியில் துப்பி மெத்தையாக்கிக்கொண்டிருந்தார் பெர்க்மான்ஸ். தோளில் அவருடைய சாம்பல் கிளி கேப்டன் நின்றுகொண்டு, தொண்டையிலிருந்து ஊறவைத்த நிலக்கடலையைக் கக்கிக் கக்கி அவர் உதட்டோரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்றார் அவர், வாயில் மரத்தூளோடு. "நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிடுங்க."

பெர்க்மான்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கஸ்பார் சவுண்ட் சர்வீசில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்கிறவர் அவர்தான். கல்யாணம், காதுகுத்து, கடைதிறப்பு, அடக்கம், கோயில் கொடியேற்றம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அது நடந்ததாக அர்த்தம் ஆவது அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்த பிறகுதான். ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அதையும் எவனோ தள்ளிப்போடச் சொன்னதால் தள்ளிப்போட்டதுதான். பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பெர்க்மான்சு என்று தெருவின் ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, கையைக் கழுவாமல் வருவார். சிலிண்டர் தூக்க, பொணம் தூக்க, பந்தல் கயிறு பிடிக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நிற்க. வந்ததும் முதுகில் தட்டுவோம், கன்னத்தைக் கிள்ளுவோம், தங்கம் என்போம், போகச் சொல்வோம். அவரும் போவார்.

ஜெபக்கனி அக்காவின் மொட்டைமாடியில் கிழக்குப் பக்கம் கொஞ்சுகிற கிளிகள், மேற்குப் பக்கம் பொரிக்கிற கிளிகள். கிழக்கே இருப்பவை குஞ்சிலேயே எடுத்து ஊசிக்குழலில் கஞ்சி ஊட்டி வளர்த்தவை. விரலை நீட்டினால் ஏறும், கழுத்துக்குள் மூக்கை நுழைக்கும், பெயர் சொன்னால் திரும்பும், ஒருநாள் முழுக்க யாரும் பேசாவிட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிப் போடும். மேற்கே இருப்பவற்றுக்குப் பெயர் கிடையாது. அங்கே அவள் பேசமாட்டாள், சிரிக்கமாட்டாள், தினம் அதே காப்பிக்கலர் நைட்டியைப் போட்டுக்கொண்டு அதே நேரத்துக்குப் போவாள், போகுமுன் சாவிக்கொத்தைக் குலுக்கி வருகிறதைச் சொல்வாள், தீனியை வைத்துவிட்டு நிமிராமல் திரும்புவாள். முட்டை இருக்கிறவரைக்கும் கூட்டுப்பெட்டிக்குள் கை விடவே மாட்டாள். விட்டால் பெட்டை பயந்து முட்டையை உடைக்கும், அல்லது விட்டுவிட்டுப் போய்விடும். நல்ல பெட்டையாக இருந்தால் கையை ரத்தம் வரக் கடிக்கும். கடிக்கிற பெட்டைகள் என்றால் அவளுக்கு உயிர். "கொஞ்சுத கிளிக்கு ஆளு வேணும், பொரிக்குத கிளிக்கு ஆளு இல்லாம இருக்கணும்," என்று குஞ்சு வாங்க வருகிறவர்களிடம் கையைக் காட்டிச் சொல்வாள். அந்தக் கை முழுக்க, குஞ்சு எடுக்கிறபோது கடிபட்ட தழும்பு.

அவள் பெர்க்மான்ஸிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, தலையோட நிறுத்திக்க. தலையத் தடவுனா கிளி ஒன்னயக் கூட்டாளின்னு நெனைக்கும். முதுகத் தடவுனா வேற மாதிரி நெனைச்சிரும்."

"கேக்குல்லா அக்கா. முதுகக் குனிஞ்சி குனிஞ்சி காட்டுது. எப்பிடி மாட்டேன்னு சொல்ல?"

"அது கேட்டா நீ குடுத்துருவியா?"

"பாவம்லா," என்றார் பெர்க்மான்ஸ்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் கேட்டதும் கொடுத்ததும் நடந்து, அந்த மார்கழி கழிந்த திங்கட்கிழமை காலையில் பெர்க்மான்ஸின் மடித்த வேட்டிமேல் ஒரு வெள்ளை முட்டை கிடந்தது. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, "கிளிமுட்டை எங்கேருந்து வருமோ அங்கேருந்துதான்" என்று ஜெபக்கனி அக்கா ஒரே பதிலைச் சொன்னாள், அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று எல்லாருக்கும் பட்டதால் அந்தக் கேள்வி அன்றைக்கே முடிந்தது.

முடியாதது மற்றதெல்லாம். சுகாதார நிலைய நர்ஸம்மா வந்து, இதைக் கர்ப்பிணிகளோடு சேர்ப்பதா பிரசவித்தவர்களோடு சேர்ப்பதா என்று வாசலிலே நின்று யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை கொடுத்துப் போனாள். பாதியைக் கேப்டன் தின்றது. கோயில் ஃபாதரிடம் தெருக்காரர்கள் போய், பூசையில் பெர்க்மான்ஸுக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நோயாளிகள் வரிசையிலா தாய்மார்கள் வரிசையிலா என்று அவர் கேட்டார். தாய்மார்கள் என்று பதில் வந்ததும் சரி என்றுவிட்டார். பிள்ளைபெற்றவளுக்குக் கொடுக்கிற காயமும் பூண்டுக் குழம்பும் வீட்டுக்கு வீடு கிண்டி வந்தது. டீக்கடையில் ஆம்பளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, முட்டைக்குத் தாய்மாமன் முறை யாருக்கு என்று கெட்ட வார்த்தையில் பேசிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறைய மக்ரூன் கொண்டுவந்து வைத்தார். வைத்த வேகத்தில் இசக்கித்தாய் அதைத் தூக்கி அவர் கையிலே திணித்தாள்.

"என்னய்யா மனுசன் நீரு! அடைக்கு இருக்க ஆளுக்கு முட்ட வெள்ளக்கருவுல செஞ்சதக் கொண்டாந்து கண்ணு முன்னால வைக்கீரே, ஒமக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

பேக்கரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மக்ரூனைத் துண்டால் மூடி, பின்வாசல் வழியாக வெளியே போனார்.

வந்தவர்கள் எல்லாரும் முட்டையைக் கையில் எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், காதோரம் வைத்துக் குலுக்கினார்கள், பிள்ளைகளிடம் கொடுத்து முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். பெர்க்மான்ஸ் ஒவ்வொருத்தருக்கும் சற்றே எழுந்து முட்டையை எடுத்துக் கொடுத்து, திரும்பக் கிடைத்ததும் அடியில் வைத்து, அடுத்தவருக்காக மறுபடி எழுந்தார். கேப்டன் மட்டும் வருகிற விரலையெல்லாம் கொத்தப் போனது. அதை அவரே தலையில் தட்டி அடக்கினார். வியாழக்கிழமை சவுண்ட் சர்வீஸ் கஸ்பார் வந்தார்.

"வே பெர்க்மான்சு, பெரிய எடத்து வரவேற்பு. ரெண்டு மணி நேரம். நீரு இல்லன்னா மாப்பிள வீட்டுக்காரன் என்னய உரிச்சிப்புடுவான்."

பெர்க்மான்ஸ் முட்டையைப் பார்த்தார். கஸ்பாரைப் பார்த்தார். "இந்தா வாரேன்," என்றார்.

முட்டையைப் பனியன்துணியில் சுற்றி, கேப்டனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் அறிவிப்பு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். திரும்பி வந்தபோது முட்டை தரையைப்போலச் சில்லிட்டிருந்தது. ஜெபக்கனி அக்கா இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

"கூப்புட்டாவல்லா அக்கா," என்றார் பெர்க்மான்ஸ். அழவில்லை. காரணம் சொல்கிற குரலில்தான் சொன்னார். அந்த ஒரு வரியைக் கேட்டபிறகுதான், அந்த அலமாரிக்குள் என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்று எங்களுக்கு உறைத்தது: இந்த மனிதரிடமிருந்து ஒரு உயிர் வரப் பார்க்கிறது, நாங்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவரைக்கும் அது வராது.

கிளி ஒரு முட்டையோடு நிறுத்தாது என்பதால் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை ஜெபக்கனி அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டாள். சாக்கை அடித்து ஜன்னலை மூடினாள். கதவைச் சாத்தினாள்; சாத்தத் தெரியாத கதவு மூன்று தரம் திறந்துகொண்டது, நான்காவது தரம் கல் வைத்தாள். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லக்கூடாது, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, தண்ணீர் லாரி ஆரன் அடிக்கக்கூடாது, டீக்கடை ரேடியோ கூடாது. அவளே காப்பிக்கலர் நைட்டியில் வந்து, சாவிக்கொத்தைக் குலுக்கி, அலமாரி வாசலில் சோறும், மீன்குழம்பும், முட்டை ஓட்டுக்கு நல்லது என்று கணவாய் ஓட்டுப் பொடியும் வைத்து, நிமிராமல், ஒரு வார்த்தை இல்லாமல் திரும்பினாள். நாங்களும் கேட்டோம். ஒரு முட்டையைத் தூக்கித் தூக்கியே கொன்றவர்கள் என்ற வெட்கம் இருந்ததால், சொன்னதைவிட அதிகமாகவே கேட்டோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டைக் கடந்தோம், சண்டையைக்கூடப் பக்கத்துத் தெருவில் போய்ப் போட்டு முடித்து வந்தோம். எங்கள் தெரு அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. பகலில் தூங்குகிற எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

பிறகு சோற்றுத் தட்டில் முடி வர ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கொத்துக் கொத்தாக. ஜெபக்கனி அக்கா விதியை மீறி ஒருநாள் நிமிர்ந்து பார்த்தாள். பெர்க்மான்ஸின் தலையில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது, மீசையில் இடது பக்கம் இல்லை, ஒரு புருவம் இல்லை. இரண்டு விரலால் அடுத்த முடியைப் பிடித்து, அது பிடுங்கி வருகிறவரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டனின் நெஞ்சும் உரித்த கோழிபோல இருந்தது. முட்டை மட்டும் சூடாக இருந்தது, ஆனால் அதன்மேல் இருந்தவர் ஆறிக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்து சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தாள். யாருடைய சைக்கிள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் இசக்கித்தாயிடம். "கூட்டுக்குப் போயிட்டாவன்னு மேற்குப் பக்கத்துக் கிளி மாதிரி வச்சிட்டேன். இவுக கெழக்குப் பக்கம்லா. ஆளு இல்லன்னா செத்துரும். ஆளு வந்தா முட்ட செத்துரும். நான் என்ன செய்ய?"

"எனக்கென்னத்தக்கா தெரியும்," என்று இசக்கித்தாய் எழுந்துபோய், அந்த அளவுக்குக் குழம்பிப்போயிருந்ததால், தடையை மறந்து, பெர்க்மான்ஸ் வீட்டுச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாளை மீனைச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். வழியில் போன மருமகளைப் பிடித்து, நேற்றைய ரசத்தில் புளி ஏன் இத்தனை என்று தொடங்கினாள். மருமகள் லேசுப்பட்டவள் இல்லை.

"நாக்கு நீண்டவியளுக்கு எல்லாம் புளிப்பாத்தான் இருக்கும் அத்தை."

"எட்டி, யாருக்குட்டி நாக்கு நீளம்? ஒங்க அம்ம கல்யாணத்தன்னைக்கு என்ன பேச்சுப் பேசுனா, மறந்துட்டியா?"

"எங்க அம்மயப் பத்திப் பேசுனிய, ரசத்த நாளைக்கு ஒங்க தலையில ஊத்திருவேன்."

சத்தம் உயர்ந்தது. தெரு பதறியது. ஜெபக்கனி அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம், அலமாரிக்குள், பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் அவரைப் பார்க்கவில்லை, யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் உலகம் அங்கேயே, ஒரு செங்கல் தூரத்தில், புளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தட்டில் முடி இல்லை.

அடுத்த நாளிலிருந்து தெரு முழுக்க வேலையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் வந்தது. ஒரே ஒரு விதி: முதுகு வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வெங்காயம் உரித்தார்கள், வலை பின்னினார்கள், ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினார்கள், சுவரில் சாய்ந்து முடி வெட்டிக்கொண்டார்கள். கோயில் பாடகர் குழு பாட்டுப் பழகியது, தெருவைப் பார்த்து. ஃபாதர் ஒருநாள் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். தாய்மாமன் கட்சிகள் இரண்டும் சீட்டாட்டத்துக்கு இறங்கின. ராவேலைக்காரர்கள் நாங்கள் பாயைக் கொண்டுவந்து அந்தச் சுவர் நிழலில் விரித்துப் படுத்தோம், அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம். மறந்துபோய் யாராவது, "பெர்க்மான்சு இருந்தா நல்லாருக்கும்லா" என்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருந்தவர் தொடையில் கிள்ளுவார். கஸ்பாரும் வந்தார், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துவைத்துக்கொண்டு. மைக் பிடிக்க ஆள் இல்லாமல் ஐந்தாறு விசேஷம் கைவிட்டுப் போயிருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது, வாயில் வரவில்லை.

பெர்க்மான்ஸுக்குப் புருவம் முளைத்தது. ஜெபக்கனி அக்கா டார்ச் அடித்துப் பார்த்த அன்றைக்கு, ஓட்டுக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்திவலையாக ஓட, நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது என்று வெளியே வந்து, தெருவைப் பார்த்து நின்று, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னாள்.

கொடியேற்றத்து நாள் வந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் கொடி ஏறுகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் வருகிற குரல் இருபத்தைந்து வருஷமாகப் பெர்க்மான்ஸின் குரல். காலை வெயில் ஏறிய நேரம், ஜெபக்கனி அக்கா மாடியில் முளைகட்டிய பயறை அரிகூடையில் கொட்டி அலசிக்கொண்டிருந்தபோது, கஸ்பார் ஜிப்பா போட்டு, சென்ட் அடித்து, பின்னால் விழாக் கமிட்டி ஆள்கள் நிற்க, சுவரைப் பார்த்து வந்தார். உட்கார்ந்திருந்த எங்களுக்கு நடுவே புகுந்து போனார். கல்லை நகர்த்திக் கதவைத் திறந்தார்.

"கஸ்பார் அண்ணே, வேண்டாம்," என்றாள் இசக்கித்தாய், திரும்பாமலே.

"ஒரு மணி நேரம்தான்மா. சாமி காரியம்," என்றார் கஸ்பார். அவர் கெட்டவர் இல்லை. "வே பெர்க்மான்சு! கொடியேத்தம் வே. சனம் பூரா நிக்கி. வாரும்."

அலமாரி முனகியது. பழக்கம் என்பது முழங்காலில் இருக்கிறது. கேட்டதும் பெர்க்மான்ஸின் முழங்கால்கள் அவரைக் கேட்காமலே நிமிர ஆரம்பித்தன. சரியாக அந்த நேரத்தில்தான், வேட்டிக்கு நடுவில் கிடந்த முட்டையின் அகலமான முனையில் நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழுந்திருந்ததும், உள்ளிருந்து டிக், டிக் என்று தட்டுவதும் வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். மாடியிலிருந்து கஸ்பாரின் குரலைக் கேட்ட ஜெபக்கனி அக்கா மூன்று மாடியும் இறங்கி, ஈரக் கையோடு, சாவியைக் குலுக்காமல், காப்பிக்கலர் இல்லாமல் ஒரு மஞ்சள் நைட்டியில் ஓடிவந்து, கஸ்பாரைத் தோளால் இடித்துத் தள்ளி, அலமாரி முன் மண்டியிட்டாள்.

"நீ போயிருவ தம்பி. எனக்குத் தெரியும், நீ போயிருவ. போ. எங்கிட்ட பொரிப்புப் பெட்டி இருக்கு, நான் பாத்துக்கிடுதேன், குடு," என்று, வாழ்நாளில் முட்டை இருக்கிற ஒரு கூட்டுக்குள்ளும் விடாத கையை, அவருக்கு அடியில், முட்டையை நோக்கி விட்டாள்.

பெர்க்மான்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். பாதி எழுந்த இடுப்போடு, கஸ்பாரையும், அவருக்குப் பின்னால் கமிட்டியையும், அதற்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் விதியை மறந்து திரும்பி நின்ற முகங்களையும் பார்த்தார். எத்தனையோ வருஷம் அவர் முதுகில் தட்டிய கைகள் எல்லாம் அந்த ஒரு கைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. கேப்டன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. அவர் குனிந்தார்.

கடித்தார்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதையில், பல் பதிய, மூச்சை விடாமல், ரத்தம் அவர் நாடியில் வழிகிறவரைக்கும் கடித்தார். விட்டபிறகு, பின்னங்கழுத்து முடி எல்லாம் நட்டுக்கொண்டு நிற்க, முழங்காலை மடக்கி, வேட்டியைச் சுற்றி இழுத்து, மெதுவாக, முழுசாக முட்டையின்மேல் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கிற முகம் ஒன்று அவருக்கு எப்போதும் கைவசம் இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை.

"வரமாட்டேன்," என்றார் பெர்க்மான்ஸ். ஒலிபெருக்கியில் பழகிய குரல்தான். அலமாரிக்குள்ளிருந்து தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஜெபக்கனி அக்கா கையை வெளியே எடுத்தாள். ரத்தம் சொட்டியது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், புது மோதிரத்தைப் பார்க்கிறவள்போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எங்களுக்குக் காட்டினாள்.

"பாத்தியளா? பாத்தியளா, எப்பிடிப் பதிஞ்சிருக்குன்னு?" அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. "பூனைக்கடி நாய்க்கடின்னு எவனாவது சொன்னிய, அவ்வளவுதான். தாய்க்கடி இது. போ கஸ்பார் தம்பி. இங்க ஒன் ஆளு இல்ல."

"அப்ப கொடியேத்தத்துக்கு யாரு பேச?"

"நீ பேசு."

"நானா?"

"பின்ன என்ன, நானா? எனக்குக் கை வலிக்கி."

கஸ்பார் போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கொரகொரத்தது. "அன்பார்ந்த" என்று அவர் குரல் வந்தது. வெகுநேரம் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மறுபடி "அன்பார்ந்த" என்றார். பிறகு மைக்கிலிருந்து விலகி யாரிடமோ, "ஏத்துங்கல, ஏத்துங்க, எல்லாருக்கும் தெரியும்லா" என்று சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. கொடி ஏறியது. பெரியவர் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் கொடியை நிமிர்ந்து பார்த்தது இன்றைக்குத்தான் என்றாராம்.

நாங்கள் அலமாரியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தோம். நிற்கக் கூடாது என்று தெரியும், கால் நகரவில்லை. டிக், டிக் என்று கொஞ்ச நேரம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு விரலால் அப்பளம் நொறுக்குவது போல ஒன்று. பெர்க்மான்ஸ் குனிந்து தன் நெஞ்சுக்குக் கீழே பார்த்தார். அவர் உதடு ஏதோ சொன்னது, எங்களுக்குச் சொன்னதல்ல. கேப்டன் வேட்டி மடிப்புக்குள் தலையை விட்டு, ரத்தக்கோடு ஓடிய அரை முட்டையோட்டை அலகால் கவ்வி எடுத்து, அலமாரி விளிம்புக்கு நடந்துவந்து, தரையில் போட்டது. அது ஒருமுறை உருண்டு, திறந்த பக்கம் மேலாக நின்றது. உள்ளே காலி. வேட்டி மடிப்புக்குள் ஏதோ நெளிந்தது.

ஒருத்தரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. இசக்கித்தாய்தான் முதலில் திரும்பினாள். அவளைப் பார்த்து ஒவ்வொருத்தராகத் திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். பிறகு மருமகள், இன்றைக்கு மதியத்துக்கு ரசமா புளிக்குழம்பா என்று கேட்டாள்.

ஜெபக்கனி அக்கா கல்லை நகர்த்திக் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு மாடி ஏறினாள். கடிபட்ட கையைக் குழாயில் காட்டி, நைட்டி ஓரத்தைக் கிழித்துச் சுற்றினாள். அரிகூடையில் பயறு வெயிலில் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. கிழக்கே கிளிகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன, மேற்கே கிளிகள் அவள் போய்விட வேண்டுமென்று கத்திக்கொண்டிருந்தன. ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு பயறின்மேல் ஊற்றி, நல்ல கையால் அடியிலிருந்து மேலாக அலசி, மேலே வந்த தொலியை வழித்தெறிந்தாள். நீர் வடிந்ததும், அடுத்த செம்பை மொண்டாள்.